எதிரெதிர் வீடு, ஒரே தொண்டை

தாராசுரம் கோயிலில், தட்டினால் சுரம் எழும் பலிபீடப் படிகளைப் பற்றி விசாரிக்க வரும் கூட்டத்தில் பாதிப்பேர், கருவறையைச் சுற்றி அடித்தளத்தில் ஓடும் சின்னஞ்சிறு சிற்பங்களைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். சேக்கிழார் பாடிய சில பத்தாண்டுகளுக்குள், இரண்டாம் ராஜராஜன் காலத்தில், கல்லில் ஏறிய பெரியபுராணம் அது. அதில் ஒன்று, முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட அவிநாசிக் கதை. முதலை வாயிலிருந்து பிள்ளை வெளிப்படும் கணத்தைச் சிற்பி பிடித்துவிட்டார். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல மனிதக் குரல்தான் வேண்டும்.

ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. ஒன்றில் பூணூல் கல்யாணம், மங்கல வாத்தியம். மற்றதில் அழுகை. பூணூல் போடும் பையனோடு முன்பு குளிக்கப்போன தன் பிள்ளையை முதலைக்குப் பறிகொடுத்தவள் அழுகிறாள். கதை சொல்பவர் ஒரே தொண்டையில் இரண்டு வீட்டையும் எழுப்பியாக வேண்டும்.

சுமாரான பேச்சாளர் இங்கே தாமே அழுதுவிடுவார். தேர்ந்தவர் கல்யாண வீட்டை மேல் ஸ்தாயியில், துரிதமாகச் சொல்லிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்துவார். ஒரு மூச்சு. பிறகு எதிர்வீடு, மந்தர ஸ்தாயியில். சத்தம் பாதியாகும், ஆனால் ஒரு எழுத்துகூடத் தேயாது. குறிப்பாக வினைமுற்று. தமிழில் சேதி வாக்கியத்தின் வாலில்தானே இருக்கிறது! வந்தாளா, வரவில்லையா என்பது கடைசியில்தான் தெரியும். அதற்குள் மூச்சுத் தீர்ந்து அந்தச் சொல்லை விழுங்குகிறவர்கள், மைக் இருந்தும் கடைசி வரிசையை இழக்கிறார்கள். அடிவயிற்றிலிருந்து மூச்செடுத்து, வாலுக்கென்று மிச்சம் வைத்துப் பேசுவதைக் கேட்பது எனக்குப் பெரிய சுகம்.

சமயச் சொற்பொழிவாளர் கிருபானந்த வாரியார் சுவாமிகளின் (1906–1993) பழைய ஒலிப்பதிவுகளில் இன்னொன்றையும் ரசிக்கலாம். வீணை பயின்றவர் அல்லவா? திருப்புகழைப் பாடி முடித்துப் பேச்சுக்கு இறங்கும்போது காதுக்கு மேடுபள்ளமே தெரியாது. பாட்டின் சுருதி வசனத்துக்கும் தொடர்ந்து வருவதுபோல இருக்கும்.

அவிநாசிக் கதையில் முழுக் குரலுக்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. சுந்தரர் பதிகத்தின் 4-வது பாட்டில்தான் பிள்ளை திரும்பி வருகிறான் என்பது மரபு. நல்ல கதைசொல்லி முதல் மூன்று பாட்டையும் நிதானமாக, கிட்டத்தட்ட வேண்டுதலாகவே பாடிவைப்பார். நான்காவதில் தொண்டை முழுதும் திறக்கும். அதற்கு முன் எங்கேயும் கத்தாமல் வந்தவருக்குத்தான் அங்கே கொடுக்கக் குரல் இருக்கும்.