சாபத்தின் பெயரால்: ‘கட்’ திரைப்படத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

கொலைப்படம் ஒன்றைப் பற்றித் தமிழ்ச் சங்க மலரில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். காப்பியமும் நாவலும் ஆராயப்படும் ஏட்டில், இரத்தம் தெறிக்கும் மலிவுப் படத்துக்கு என்ன வேலை என்ற வினா எழுதல் இயல்பே. ஆயின், உயர்ந்த கலைப்படைப்புகள் தாம் உருவான சூழலைத் தமது செப்பத்தினால் மறைத்துவிடுகின்றன. செப்பமற்றவையோ அதனை ஆங்காங்கே காட்டிக் கொடுத்துவிடுகின்றன. தையல் பிரிந்த சட்டையிலேதான் தைத்த முறை தெரியும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கட்’ என்னும் அவுஸ்திரேலியப் படம் அத்தகைய தையல் பிரிந்த படைப்பு. அதனைப் பெருங்கலை என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அப்படம் தன்னையறியாமலே எழுப்பிவிட்டு, பின்னர் அஞ்சி ஓடிய ஒரு வினாவைத் தொடர்ந்து செல்வதே நோக்கம்.

‘ஸ்லாஷர்’ எனப்படும் வெட்டுக்குத்துப் படவகையின் இலக்கணத்தை அழகியல் மட்டும் வகுத்ததன்று; பணமுடையும் சேர்ந்தே வகுத்தது. ஒரு வீடு, அறிமுகமற்ற இளைஞர் சிலர், முகமூடி ஒன்று, கத்தி ஒன்று. ஜோன் கார்பென்டர் 1978இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் டொலர் செலவில் ‘ஹலோவீன்’ படத்தை எடுத்தபோது, கொலைஞனின் முகமாக அமைந்தது கடையில் விற்ற ‘ஸ்ரார் ட்ரெக்’ கப்பற் தலைவனின் இறப்பர் முகமூடியே. அதற்கு வெள்ளை பூசினார்கள், பயங்கரம் பிறந்துவிட்டது. முகமூடி அணிந்தவனுக்குப் புகழ்பெற்ற நடிகன் வேண்டியதில்லை. எவரும் அணியலாம், எவரையும் மாற்றலாம். 1980இல் ‘பதின்மூன்றாந் திகதி வெள்ளிக்கிழமை’ இதனை ஒரு வாய்பாடாக்கியது. 1996இல் ‘ஸ்கிரீம்’ அவ்வாய்பாட்டைப் பாத்திரங்களின் வாயாலேயே சொல்லவைத்து எள்ளி நகையாடியது. அந்த எள்ளலின் வழியிற் பின்தொடர்ந்து வந்ததே ‘கட்’. நெறியாளர் கிம்பிள் ரெண்டல், ‘ஹூடூ குருஸ்’ என்ற றொக் இசைக்குழுவைத் தொடக்கியவர்களுள் ஒருவர். திரைக்கதை எழுதிய டேவ் வோர்னரும் இசையுலகத்தவர். படம் தென் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் பகுதியில் எடுக்கப்பட்டது. வசூலில் பெருவெற்றி எதனையும் ஈட்டவில்லை.

கதை இதுதான். ‘ஹொட் பிளட்டெட்’ என்ற கொலைப்படம் எடுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. நெறியாளர் ஹிலரி ஜேக்கப்ஸ் (கைலி மினோக்) கொலைஞன் வேடம் பூண்ட பிராட் என்பவனை, காட்சியைக் கெடுத்ததற்காகக் குழுவினர் முன்னிலையிற் கடிந்து அவமதிக்கிறார். பிராட் வேடத்தைக் களையாமலே அவரைக் கொல்கிறான். அவரது நாக்கு அறுபடுகிறது. அடுத்துக் கதாநாயகி வனெசாவை (மொலி றிங்வால்ட்) கொல்லப் பாய்ந்து, அவள் கையால் மடிகிறான். படம் நின்றுபோகிறது. அதன் பின்னர் அப்படச்சுருளைத் திரையிடவோ முடிக்கவோ எவர் முயன்றாலும் ஓர் உயிர் போகிறது என்ற கதை பரவுகிறது. ஆண்டுகள் பல கழிந்தபின், அப்படப்பிடிப்பில் அந்நாளிற் பணியாற்றிய ஒருவர் திரைப்படக்கலை விரிவுரையாளராயிருந்து, தம் மாணவருக்கு இக்கதையைச் சொல்லி, அதனைத் தொடவேண்டாமென்று எச்சரிக்கிறார். தொடவேண்டாமென்று விரிவுரையாளர் சொன்னதை மாணவர் தொடாதிருந்ததாக எந்நாட்டிலும் வரலாறில்லை. ராஃபி என்னும் மாணவி, பழைய மாளிகைக்கே சென்று படத்தை முடிக்க முனைகிறாள். வனெசாவும் அமெரிக்காவிலிருந்து வரவழைக்கப்படுகிறாள். மீண்டும் கொலைகள் தொடங்குகின்றன.

இப்படத்தின் முதற் பத்து நிமிடங்களை இக்கட்டுரையாளர் பலமுறை திரும்பிப் பார்க்க நேர்ந்தது. அப்பகுதியிற் பேயில்லை, சாபமில்லை. ஒரு வேலைத்தளம் மட்டுமே உண்டு. நேரம் போகிறது, பணம் கரைகிறது, மேலிருப்பவரின் சினம் கீழிருப்பவர்மேல் இறங்குகிறது, சுற்றி நிற்பவர் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றனர். படப்பிடிப்புத் தளத்தை அறிந்தவர்க்கு இது புதிதன்று. நாடக ஒத்திகையில் நின்றவர்க்குங்கூடப் புதிதன்று. ‘கட்’ என்ற சொல் நெறியாளர் இடும் நிறுத்தற் கட்டளை, படத்தொகுப்பாளரின் வெட்டு, உடலில் விழும் வெட்டு. இம்மூன்று பொருளும் ஒரே மனிதனிடத்திற் சந்திக்கும் கணத்தையே அத்தொடக்கக் காட்சி கைப்பற்றுகிறது. சொல்லால் வெட்டப்பட்டவன் சொல்லிய நாக்கை வெட்டுகிறான். குரூரமான கற்பனைதான்; எனினும் அதில் ஒரு தருக்கம் இருக்கிறது. பிராட்டின் செயலை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதற்கொரு காரணம் இருந்தது, அக்காரணம் இவ்வுலகத்தது, அது வேலைத்தளத்தில் விளைந்தது.

இதன் பின்னரே படம் தன் கண்ணைத் தானே பொத்திக்கொள்கிறது. மாணவர் காலத்திற் கொல்ல வருபவன் பிராட் அல்லன். திரைப்படத்தின் ஆற்றலே உருக்கொண்டு எழுந்த ஒன்று என விளக்கந் தரப்படுகிறது. படம் ஓடும்வரை அவன் வாழ்வான். படச்சுருள் எரிந்தால் அவன் அழிவான். அகால மரணமடைந்தோர் நிறைவேறாத ஆசையால் பேயாய் அலைவர் என்ற நம்பிக்கை நமது ஊர்களிலும் உண்டு. இங்கே மனிதனுக்குப் பதிலாக, முடிவுறாத படமே பேயாகிறது. கருத்தளவில் இது சிறந்த கற்பனை என்றே கூறவேண்டும். முடிக்கப்படுவதற்காக ஏங்கும் ஒரு பொருள், தன்னை முடிப்பவரையே விழுங்குகிறது. ஆயினும் இவ்விளக்கம் வந்தவுடன் அந்த அவமதிப்பு, அந்தச் சினம், தரையைப் பார்த்து நின்றவர்களின் மௌனம் யாவும் கதையிலிருந்து மறைந்துவிடுகின்றன. எவருக்கும் பொறுப்பில்லை. சாபம் கொன்றது.

இதனைப் படத்தின் குறை என்று மட்டும் கூறி விட்டுவிடலாம். ஆனால் திரைக்கு வெளியேயும் இதே சொல் இதே வேலையைச் செய்து வந்துள்ளது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. ‘பொல்டர்கைஸ்ட்’ படவரிசையைச் ‘சபிக்கப்பட்டது’ என்று இன்றும் எழுதுகிறார்கள். முதற் படம் வெளிவந்த 1982ஆம் ஆண்டிலேயே அதில் நடித்த டொமினிக் டன் இறந்தார். சிறுமி ஹெதர் ஓறூர்க் 1988இல் பன்னிரண்டாவது வயதில் இறந்தாள். முதலாமவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன் அவரது முன்னாட் காதலன். நீதிமன்றத்தில் நின்று தண்டனையும் பெற்றவன். இரண்டாவது இறப்பு, உரிய காலத்தில் இனங்காணப்படாத குடல்நோயின் விளைவு. பெண்ணொருத்தி மீதான ஆணின் வன்முறையும், குழந்தையொன்றின் நோயும் ‘சாபம்’ என்ற ஒரே பொதிக்குள் கட்டப்பட்டுவிட்டன. பொதியை அவிழ்த்துப் பார்க்க எவருக்கும் விருப்பமில்லை. அவிழ்த்தால் கதையின் சுவை போய்விடும். மூன்றாவது படத்தின் முடிவுக் காட்சியோ அச்சிறுமிக்குப் பதிலாள் ஒருத்தியை நிறுத்தி எடுக்கப்பட்டு, அவள் இறந்த ஆண்டிலேயே திரைக்கு வந்தது.

1982 ஜூலை 23 அதிகாலையில் கலிபோர்னியாவில் ‘ருவைலைற் சோன்’ படப்பிடிப்பின்போது நடந்தது இன்னும் வெளிப்படையானது. வெடிகளின் தாக்கத்தால் நிலைகுலைந்த ஹெலிகொப்டர் வீழ்ந்து நடிகர் விக் மொறோவும் குழந்தைகள் இருவரும் மாண்டனர். நள்ளிரவு கடந்த வேளையில் வெடிபொருட்களின் அருகே குழந்தைகளை வேலைக்கமர்த்தியமை சட்டத்துக்கு மாறானது. அவர்களுக்கான ஊதியமும் மறைவாகவே வழங்கப்பட்டது. நெறியாளரும் ஏனைய நால்வரும் 1987இல் குற்றமற்றோர் என விடுவிக்கப்பட்டனர். படம் 1983இலேயே வெளிவந்துவிட்டது.

புரூஸ் லீயின் மகன் பிரண்டன் லீயின் இறப்பைக் குடும்பச் சாபமென்றே பலர் எழுதினர். தந்தை 1973இல் இறந்தபோது முடியாதிருந்த ‘கேம் ஒஃப் டெத்’ 1978இற் பதிலாட்களைக் கொண்டு முடிக்கப்பட்டது. அப்படக் கதையில் நடிகன் ஒருவன் படப்பிடிப்பின்போது உண்மைக் குண்டினாற் சுடப்படுகிறான். மகன் 1993 மார்ச் 31 அன்று, ‘த குரோ’ படப்பிடிப்பில் சுடப்பட்டு இறந்தார். இப்பொருத்தம் எவரையும் திடுக்கிடச் செய்யும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் துப்பாக்கி சாபத்தால் வெடிப்பதில்லை. அண்மைக் காட்சிக்கெனப் பொய்த் தோட்டாக்களை முறையாக வாங்காமல், உண்மைத் தோட்டாக்களிலிருந்து மருந்தை நீக்கித் தளத்திலேயே செய்துகொண்டனர். அவற்றுள் ஒன்றின் ஈயமுனை குழலுக்குள் சிக்கியதை எவரும் கவனிக்கவில்லை. பின்னர் வெற்றுவேட்டு இடப்பட்டபோது அம்முனை உண்மைக் குண்டாயிற்று. குழலுக்குள் எட்டிப் பார்க்க ஒருவர் இருந்திருந்தால் போதும். அப்படமும் பதிலாளைக் கொண்டும் கணினியின் துணைகொண்டும் முடிக்கப்பட்டு 1994இல் வெளிவந்து பணம் ஈட்டியது.

இவற்றையெல்லாம் நோக்கும்போது ‘கட்’ படத்தின் மையக் கற்பனை நாம் நினைத்ததிலும் உண்மைக்கு அண்மையிலிருப்பது தெரியவரும். பிணத்தைக் கடந்து படம் முடிக்கப்படவேண்டும் என்பது பேயின் ஆசையன்று. போட்ட பணத்தின் ஆசை. ரெண்டலும் வோர்னரும் இதன் வாசற்படிவரை வந்து நின்றவர்கள். தம் பேய்க்கு முதலீட்டின் முகமூடியை அணிவித்திருந்தால் போதுமாயிருந்தது. அதற்குப் பதிலாக, ஆசையை மாணவரின் ஆர்வக்கோளாறாகவும் பழியை அருவச் சக்தியாகவும் பிரித்துக் கொடுத்துவிட்டனர். மாணவப் பாத்திரங்களோ ஒருவரிலிருந்து ஒருவரை வேறுபடுத்த இயலாத அளவுக்கு வெறுமையானவை. இறக்கும் ஒழுங்கே அவற்றின் குணவியல்பு. ராஃபி, கொல்லப்பட்ட ஹிலரியின் மகள் என்று இறுதியில் வெளிப்படுத்தப்படுவதும் வீணாகிவிட்ட வாய்ப்பே. தாயின் வேலையை மகள் முடிக்க வருகிறாள். தாய் எத்தகைய தளத்தை நடத்தினாள் என்று அவள் ஒருமுறையேனும் கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை, படமும் கேட்கவிடவில்லை.

படத்தைத் தாங்கி நிற்பவர் மொலி றிங்வால்ட். எண்பதுகளில் இளையோர் படங்களின் நாயகியாய்ப் புகழ்பெற்றிருந்தவர், இங்கே ஒளி மங்கிய நடிகையின் வேடத்தில் தம்மைத் தாமே நையாண்டி செய்கிறார். அவரது சிடுசிடுப்பும் முறைப்பாடுகளும் சிரிப்பூட்டுவதற்காகவே எழுதப்பட்டவை. எனினும் ஒன்று: இத்தளத்தில் முன்னர் ஒருமுறை கொலைமுயற்சிக்கு இலக்காகி உயிர் தப்பியவள் அவள் ஒருத்தியே. தளத்தில் எவற்றையேனும் குறைகூற உரிமையுள்ள ஒருத்தியைப் பார்த்தே நாம் சிரிக்கவேண்டுமெனப் படம் எதிர்பார்க்கிறது.

படச்சுருளை எரித்துப் பேயை அழிக்கும் இறுதிக் காட்சி கண்ணுக்கு விருந்துதான். நெகிழ்ச்சுருள் எரிய எரியக் கொலைஞனின் உடலும் உருகுகிறது. பற்றியெரியும் நைத்திரேற்றுச் சுருள்களின் உற்பத்தி 1950களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டதென்பதையும், பிற்காலச் சுருள்கள் அவ்வளவு எளிதில் தீப்பற்றுவனவல்ல என்பதையும் இங்கு நினைவூட்டினால் நெறியாளர் கோபிக்கக்கூடும். அதனை விட்டுவிடுவோம். எரிந்த பின்னும் வேறொரு பிரதி வேறொரு வகுப்பறையில் ஓடத் தொடங்குவதாகக் காட்டி, அடுத்த பாகத்துக்கு வாசலைத் திறந்து வைத்தே படம் நிறைவுறுகிறது. அந்த அடுத்த பாகம் வரவேயில்லை.

இதே கதைக்களத்தை 1987இல் கையாண்ட ‘ரிட்டேர்ன் டு ஹொரர் ஹை’ என்ற அமெரிக்க மலிவுப் படத்தைப் பலர் மறந்துவிட்டனர். கொலைகள் நிகழ்ந்த பாடசாலைக்கே சென்று அக்கொலைகளைப் படமாக்கும் குழுவொன்று அங்கே ஒவ்வொருவராய்க் குறைகிறது. கலைநயத்தில் ‘கட்’ படத்துக்கும் கீழானது, குழப்பமான தொகுப்பு, நடிப்பென்று சொல்லத்தக்கது அரிது. ஆயினும் பேராசைபிடித்த தயாரிப்பாளன் ஒருவனைக் கதையின் நடுவிலே நிறுத்தும் துணிவு அதற்கிருந்தது. செத்தவர்கள் எனப்பட்டோர் ஈற்றில் எழுந்து நடக்கின்றனர். அத்தனை பிணங்களும் விளம்பரத்துக்காக விரிக்கப்பட்டவை. இங்கே சாபமென்பது ஒரு வியாபாரத் தந்திரம் என்பதை அப்படம் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறது.

அப்படத்திற் சிறு வேடமொன்றில், அன்று பெயர் பெற்றிராத ஜோர்ஜ் குளூனி தோன்றுகிறார். வேறிடத்தில் நல்ல வாய்ப்புக் கிடைத்ததும் படப்பிடிப்பை விட்டு விலகிச் செல்லும் நடிகனின் வேடம் அது. கட்டடத்தை விட்டு வெளியேறுமுன்னரே அவன் கொல்லப்படுகிறான். வேலையை விட்டுப் போகிறவன் முதலிற் சாகவேண்டும் என்பது திரைக்கதை எழுதியவரின் விதி. 2021 ஒக்ரோபர் 21 அன்று நியூ மெக்சிக்கோவில் ‘ரஸ்ட்’ என்ற படத்தின் தளத்தில், நீண்ட வேலைநேரம், தங்குமிட வசதியின்மை, பாதுகாப்புக் குறைபாடு ஆகியவற்றை எதிர்த்துக் கமராக் குழுவினர் சிலர் காலையிலேயே வெளியேறினர். அதற்கு முன்னரும் அத்தளத்தில் துப்பாக்கிகள் தவறுதலாக வெடித்திருந்தன. அன்று பகல், ‘வெறுந்துப்பாக்கி’ என்று அறிவித்துக் கையளிக்கப்பட்ட துப்பாக்கியிலிருந்து பாய்ந்த உண்மைக் குண்டு, தளத்தில் நின்று தொடர்ந்து வேலை செய்த ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸைக் கொன்றது. ஆயுதங்களுக்குப் பொறுப்பாயிருந்தவருக்கு 2024இற் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. படம் 2023இல் மொன்டானாவில் வேறொரு ஒளிப்பதிவாளரைக் கொண்டு முடிக்கப்பட்டு, 2024 நவம்பரிற் போலந்தில் நடைபெற்ற ஒளிப்பதிவுக் கலைக்கான திரைப்பட விழாவில் முதன்முறையாகத் திரையிடப்பட்டது.