கோட்டுக்கு அகலம் உண்டா?

2024 ஜூன் 11. கத்தாரின் அல் ரய்யான், ஜாசிம் பின் ஹமத் அரங்கம். உலகக் கோப்பைத் தகுதிப் போட்டிகளின் இரண்டாம் சுற்றில் இந்தியாவின் கடைசி ஆட்டம். 37ஆவது நிமிடத்தில் லாலியன்ஸுவாலா சாங்டே அடித்த கோலால் இந்தியா முன்னிலையில் இருக்கிறது. 73ஆவது நிமிடத்தில் யூசெப் அய்மன் தலையால் முட்டிய பந்தை குர்ப்ரீத் சிங் சந்து தடுத்துவிடுகிறார். பந்து உருண்டு, கம்பத்துக்குப் பக்கத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போகிறது. கார்னர்தான் என்று நம் ஆட்கள் நின்றுவிட்டார்கள். ஹாஷ்மி அல் ஹுசைன் அந்தப் பந்தைக் காலால் உள்ளே இழுத்துவிட, அய்மன் வலைக்குள் தட்டினார். நடுவர் கோல் என்றார். 85ஆவது நிமிடத்தில் கத்தார் இன்னொன்றும் அடித்தது. 2-1.

கணக்கைப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். ஆட்டத்துக்கு முன் இந்தியாவிடம் 5 புள்ளிகள். வென்றிருந்தால் 8. அதே இரவில் ஆப்கானிஸ்தானை வென்ற குவைத் 7 புள்ளிகளோடு முடித்தது. அதாவது, அந்த 1-0 நிலைத்திருந்தால் இந்தியா முதல்முறையாக மூன்றாம் சுற்றுக்குப் போயிருக்கும். 2027 ஆசியக் கோப்பைக்கும் நேரடி இடம் கிடைத்திருக்கும். அது நடக்கவில்லை. பிறகு தனியாக நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிப் போட்டிகளிலும் தோற்று இந்தியா வெளியேறியது. ஒரு கோல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த கோல் நம் கையிலிருந்து ஒன்றைப் பறித்தது என்பது பொய்யில்லை.

இரண்டாம் சுற்று ஆட்டங்களில் வி.ஏ.ஆர். கிடையாது. இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் புகார் எழுதியது. முடிவு மாறவில்லை.

இதே அல் ரய்யானில், ஒன்றரை வருடத்துக்கு முன்னால், 2022 டிசம்பர் 1 அன்று கலீஃபா அரங்கத்தில் ஜப்பானும் ஸ்பெயினும் ஆடின. மிதோமா கோட்டருகே ஓடிப்போய்த் தட்டிய பந்தை தனாகா கோலாக்கினார். பந்து வெளியே போய்விட்டது என்றுதான் டி.வி.யில் பார்த்த எல்லோருக்கும் பட்டது. வி.ஏ.ஆர். பார்த்தது. பந்தின் வளைவில் ஒரு நூல் அளவு கோட்டின் மேல் நிற்கிறது, ஆகவே கோல் என்றது. ஜப்பான் 2-1 என வென்றது. ஜெர்மனி ஊருக்குப் போனது. ஆக, ஒரு நூல் அளவை அளக்கக்கூடிய கருவி அந்த ஊருக்கு ஏற்கனவே வந்துபோயிருக்கிறது. பளிச்சென்று வெளியே போன பந்தைத்தான் அங்கே பார்க்க ஆளில்லாமல் போனது.

வி.ஏ.ஆர். பற்றிய ஐரோப்பிய விவாதங்களை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இது இடிக்கும். அங்கே இருக்கும் முறையீடு, இயந்திரம் கோலின் சந்தோஷத்தைக் கொன்றுவிட்டது என்பது. உறுப்பினர்களே கிளப்புகளின் சொந்தக்காரர்களாக இருக்கும் ஸ்வீடனில் ரசிகர்கள் அழுத்தம் கொடுத்து 2024இல் வி.ஏ.ஆரே வேண்டாமென்று முடிவெடுக்க வைத்தார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் வுல்வ்ஸ் கிளப் இதை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தது. 19-1 என்று தோற்றது. நம் பக்கத்து முறையீடு நேரெதிர்: எங்களுக்கு ஏன் தரவில்லை? இரண்டு பேரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது என் கட்சி. பந்து வெளியே போனதா என்று பார்ப்பது ஒரு வேலை. ஆஃப்சைடு அளப்பது வேறு வேலை.

*

பந்து வெளியே போனதா என்பதற்கு ஒரே அளவு போதும்: பந்து எங்கே, கோடு எங்கே. கோடு தரையில் வரைந்திருக்கிறது, நகராது. ஆஃப்சைடில் கோடே கிடையாது. கடைசிக்கு முந்தைய தடுப்பாளர் ஓட ஓட அதுவும் ஓடுகிறது. அது எந்தக் கணத்தில் எங்கே இருந்தது என்று பார்க்க, சக வீரரின் கால் பந்தைத் தொட்ட கணம் தெரிய வேண்டும். இடம், காலம் என்று இரண்டு அளவுகள். இரண்டிலும் பிழை இருக்கும்.

நான் மென்பொருள்காரன், கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமரா என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 20 மில்லி நொடி இடைவெளி. நொடிக்கு 8 மீட்டர் ஓடும் முன்கள வீரர் அந்த நேரத்தில் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். தடுப்பாளர் எதிர்த்திசையில் நொடிக்கு 4 மீட்டர் ஏறி வந்தால் இன்னும் 8 சென்டிமீட்டர். ஆகமொத்தம் 24, கிட்டத்தட்ட ஒரு பாத நீளம். 2019 நவம்பரில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக லிவர்பூலின் ஃபிர்மினோ அடித்த கோலை அக்குள் ஆஃப்சைடு என்று ரத்து செய்தார்களே, அந்தக் காலத்துக் கருவியின் லட்சணம் இதுதான். பாத நீளம் தடுமாறும் அளவுகோலை வைத்து அக்குளை அளந்தார்கள்.

2022 உலகக் கோப்பையில் இது நன்றாகவே மேம்பட்டது. கூரையில் 12 கேமராக்கள், ஒவ்வொரு வீரர் உடம்பிலும் 29 புள்ளிகள், நொடிக்கு 50 தடவை கணிப்பு. பந்துக்குள் நொடிக்கு 500 தடவை பேசும் சென்சார். தொட்ட கணத்தின் பிழை 2 மில்லி நொடிக்கு இறங்கியது. தொடக்க ஆட்டத்தின் மூன்றாவது நிமிடத்திலேயே ஈக்வடாரின் வலென்சியா அடித்த கோலை ரத்து செய்தது இந்த ஏற்பாடுதான். பிழை சுருங்கியது உண்மை. ஆனால் பூஜ்யம் ஆகவில்லை. திரையில் காட்டும் முப்பரிமாணப் பொம்மைப் படமோ பூஜ்யம் ஆகிவிட்டது போலத்தான் காட்டுகிறது. என் முதல் குறை இங்கே: இயந்திரம் பிழை செய்வது தப்பில்லை, தன் பிழையின் அளவை மறைப்பது தப்பு.

*

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கரிசல் காட்டில் இரண்டு புஞ்சைக்கு நடுவே பொழி இருக்கும். அதற்கு அகலம் உண்டு. புல் முளைக்கும், உடைமரம் நிற்கும், நடந்து போகலாம். அது இவனுக்கும் அவனுக்கும் பொது. கரிசல் மண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். ஊன்றிய சர்வே கல் சாயும். அதனால் கோட்டை நூல் பிடித்து வைக்க முடியாது என்பது உழுதவர்களுக்குத் தெரியும். பொழியின் அகலம் என்பது, அளவு தப்பும் என்று ஒப்புக்கொண்டு மண்ணில் விட்ட இடம். பேராசைக்காரன் வருஷா வருஷம் பொழியைக் கொஞ்சம் கொஞ்சமாக உழுது தேய்ப்பான். சண்டை அங்கேதான் தொடங்கும்.

கிரிக்கெட்டுக்கு இந்தப் பொழி இருக்கிறது. டி.ஆர்.எஸ்.இல் அம்பயர்ஸ் கால் என்று திட்டுகிறோமே, அதுதான். பந்தில் பாதிக்கும் குறைவாகவே ஸ்டம்பில் படும் என்று கணிப்பு வந்தால், களத்தில் அம்பயர் சொன்னதே நிற்கும். ‘அதே பந்து, ஒருத்தனுக்கு அவுட்டு, இன்னொருத்தனுக்கு இல்லையா?’ என்று கேட்பார்கள். ஆமாம். எனக்கு நிச்சயமில்லாத இடத்தில் நான் பேசமாட்டேன் என்று இயந்திரம் சொல்வது அது. கால்பந்தில் 2021-22 முதல் பிரீமியர் லீக் கோடுகளைத் தடிமனாக்கியது. இரண்டும் தொட்டுக்கொண்டால் முன்கள வீரருக்குச் சாதகம். எவ்வளவு தடிமனாக்கினாலும் அதற்கும் ஒரு விளிம்பு இருக்கும், அங்கேயும் மில்லிமீட்டர் சண்டை வரும் என்பார்கள். நியாயமான கேள்வி. தடிமன் மட்டும் போதாது. அந்தத் தடிமனுக்குள் லைன்ஸ்மேன் சொன்னது நிற்க வேண்டும். அப்போது விளிம்பில் தோற்பவர் இயந்திரத்தின் நூலிழையால் தோற்கவில்லை, இயந்திரம் மறுக்க முடியாத ஒரு மனிதத் தீர்ப்பால் தோற்கிறார்.

ஆஃப்சைடு விதி வந்ததே கோல் பக்கத்தில் ஒருவன் காத்துக்கிடக்கக் கூடாது என்பதற்காக. 1925இல் முன்னே இருக்க வேண்டிய எதிரணியினர் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தார்கள். 1990இல் சமமாக நின்றாலும் சரி என்றானது. விதி போன திசை கோல் அடிப்பவர் பக்கம். அக்குளை அளப்பது அந்தத் திசைக்கு எதிரானது.

*

அளவு சரியாக இருந்தாலும் தீர்ப்பு தப்பலாம். 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் - லிவர்பூல். லூயிஸ் தியாஸ் அடித்த கோலுக்கு லைன்ஸ்மேன் ஆஃப்சைடு கொடி தூக்கினார். வி.ஏ.ஆர். அறையில் கோடு போட்டு, அவர் ஆன்சைடு என்று சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் களத்தில் கோல் கொடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, ‘சோதனை முடிந்தது’ என்று மட்டும் சொன்னார்கள். களத்தில் இருந்தவருக்கு அது ஆஃப்சைடு உறுதி என்று கேட்டது. ஆட்டம் தொடங்கிய பிறகு திரும்ப முடியாது என்று விதி. பின்னர் வெளியிட்ட ஒலிப்பதிவில் தவறு தெரிந்த நொடியில் அந்த அறையில் எழுந்த பதற்றம் கேட்கிறது. எங்கள் தொழிலில் இது தினசரி நடப்பது: இரண்டு கணினிகளும் சரியான பதிலையே வைத்திருக்கும், நடுவே போகும் சேதியில் எதற்கு ‘ஓகே’ என்று இருக்காது. ‘கோல், ஆன்சைடு’ என்று முடிவை முழுதாகச் சொல்லும் பழக்கம் இருந்திருந்தால் போதும். அதற்கு கேமரா தேவையில்லை.

கேமரா தீர்க்க முடியாத வழக்கும் உண்டு. 2023 மார்ச் 3, பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா அரங்கம், ஐ.எஸ்.எல். பிளேஆஃப். கூடுதல் நேரத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் சுவர் அமைப்பதற்குள் சுனில் சேத்ரி ஃப்ரீகிக்கை உள்ளே அனுப்பிவிட்டார். நடுவர் கோல் என்றார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியையே வெளியே அழைத்துப் போனார். பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், அவருக்கு 10 ஆட்டத் தடை. உடனே ‘வி.ஏ.ஆர். இருந்திருந்தா?’ என்ற குரல் கிளம்பியது. இருந்திருந்தாலும் என்ன செய்திருக்கும்? நடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். சண்டை, நடுவர் வேகமாக எடுக்க அனுமதித்தாரா இல்லையா என்பதில். அது கண்ணில் இல்லை, நடுவருக்கும் வீரர்களுக்கும் இடையே இருந்த பேச்சில் இருக்கிறது.

எங்கள் பக்கம் ராத்திரி முழுக்க நடக்கும் கபடியில் நடுச்சாமத்துக்கு மேல் சுண்ணாம்புக் கோடு காலடியில் கலைந்து போயிருக்கும். ‘கோடு எங்கய்யா இருக்கு?’ என்று கூட்டம் கத்தும். நல்ல நடுவர் விசிலை ஊதிவிட்டு ஒதுங்கமாட்டார். எந்தக் கால், எந்த இடம் என்று கையைக் காட்டிச் சத்தமாகச் சொல்வார். தோற்றவன் முனகிக்கொண்டே உட்காருவான். காரணம் கேட்டவனுக்குத் தோல்வி கொஞ்சம் செரிக்கும்.

*

ஆகவே இந்தியாவுக்கு முழு வி.ஏ.ஆர். வேண்டும் என்ற கோஷத்தில் எனக்கு உடன்பாடில்லை. கூரைக் கேமராவும் பந்துக்குள் சென்சாரும் நம் லீகுகளுக்குக் கட்டுப்படியாகாது. வாங்கினாலும் பெரிய ஆட்டங்களுக்கு மட்டும் வரும், சந்தோஷ் டிராஃபிக்கும் மாவட்ட லீகுக்கும் வராது. ஃபிஃபா 2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் ஒரு சிக்கன முறையைப் பரிசோதித்தது. ஃபுட்பால் வீடியோ சப்போர்ட் என்று பெயர். தனி அறை, தனி நடுவர்கள் கிடையாது. பயிற்சியாளர் ஆட்டத்துக்கு இரண்டு முறை முறையிடலாம். கள நடுவரே ஓரத்தில் இருக்கும் திரையில் பார்த்து முடிவெடுப்பார். இருக்கிற சில கேமராக்கள் போதும். அக்குள் ஆஃப்சைடை இது அளக்காது. அளக்கவும் வேண்டாம். வெளியே போன பந்தைப் பிடித்துவிடும்.

கருவியின் நுட்பம் கூடக் கூட அது பணக்கார ஆட்டங்களுக்குள் ஒதுங்கிவிடுகிறது. நீதிக்குத் தேவையானது அத்தனை நுட்பம் இல்லை. அந்த 73ஆவது நிமிடத்தில் இந்தியப் பயிற்சியாளருக்கு ‘ஒரு தடவை திரையைப் பாருங்க’ என்று கேட்கும் உரிமையும், பார்க்கும் கடமை நடுவருக்கும் இருந்திருந்தால், ஆட்டம் கார்னரோடு தொடர்ந்திருக்கும்.