ஊன்றிய கால்

நடராஜரைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் தூக்கிய திருவடிக்குத்தான் போவார்கள். எனக்கு ஊன்றிய கால். அதிலும் முழங்கால். அதிலும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கும் திருவாலங்காட்டு நடராஜரின் முழங்கால்.

ரோட்டர்டாமில் இரண்டு வருஷம் வேலை பார்த்தபோது, மாதத்தில் ஒரு ஞாயிறாவது ரயிலேறி ஆம்ஸ்டர்டாம் போய்விடுவேன். ரெம்ப்ராண்ட் முன்னால் நிற்கும் கூட்டத்தைத் தாண்டி, ரைக்ஸ் மியூசியத்தின் ஆசியக் கூடத்துக்கு நேராக நடப்பேன். சுற்றிலும் தண்ணீர், நடுவே அந்தச் சிறிய கட்டடம். உள்ளே சோழ நாட்டு நடராஜர். 153 சென்டிமீட்டர் உயரம், சுமார் 300 கிலோ. இந்தியாவுக்கு வெளியே மியூசியங்களில் உள்ள நடராஜர் திருமேனிகளில் இதுவே பெரியது என்கிறார்கள்.

அவருக்கு எக்ஸ்ரே எடுத்த செய்தி 2022இல் வந்தது. சாதாரணக் கருவி போதாமல், ரோட்டர்டாம் துறைமுகச் சுங்கத்தில் கன்டெய்னர்களை ஊடுருவிப் பார்க்கும் கருவிக்குள் லாரியோடு அனுப்பினார்கள். உள்ளே களிமண் கரு (கோர்) இல்லை. சுற்றியுள்ள தீவட்டமான திருவாசி உட்பட முழுக்கக் கன வார்ப்பு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பவுண்டரி வெக்கையில் பதினைந்து வருஷம் நின்றவன் நான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தொடை மெதுவாக ஆறும், விரல் சீக்கிரம் ஆறும். ஆறும்போது உலோகம் சுருங்கும். நிரப்ப வழியில்லாவிட்டால் குழி விழும். நாங்கள் அதை நிரப்ப உருகிய உலோகம் தேங்கும் ரைசர் வைக்கிறோம், கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறோம், அப்படியும் ரிஜெக்‌ஷன் வருகிறது. அந்த ஸ்தபதியிடம் இருந்தது ஒரே ஒரு மெழுகுரு. அது உருகி வெளியேறிவிட்டால் அவ்வளவுதான்.

இவ்வளவு வியந்தும், மனசு எழும்பூருக்கே ஓடியது. ஆம்ஸ்டர்டாமில் கண் முதலில் திருவாசியில் ஏறிச் சுற்றுகிறது. உடலுக்கு வந்து சேர நேரமாகிறது. தஞ்சாவூர்க்கார நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். "திருவாசி இல்லாத நடராஜர் பாதி நடராஜர்தான் சார்" என்பார். தத்துவப்படி அவர் சொல்வது சரி. வேளாங்கண்ணி நடராஜரின் திருவாசி அழகை நானும் மறுக்கவில்லை. ஆனால் திருவாலங்காட்டாரைப் பாருங்கள். திருவாசி இல்லை, விரிசடையும் இல்லை. காலம் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு உடலை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத ஆட்டம் அது.

தூக்கிய இடக்கால் குறுக்கே வலப்பக்கம் போகிறது. இடது முன்கையும் அதே பக்கம் வீசிச் சாய்கிறது. அத்தனை கனமும் வந்து இறங்குவது அரைமண்டியில் மடங்கிய அந்த ஒரு முழங்காலில். எலும்பு தெரியச் செதுக்கவில்லை. தொடையின் திரட்சி அங்கே வந்து ஒரு கணம் இறுகுகிறது, கெண்டைக்காலில் மறுபடி தளர்கிறது. முயலகன் மேல் பாதம் பதிந்திருக்கிறது, அழுத்தவில்லை.

பிரெஞ்சுச் சிற்பி ரோதென் இந்தியாவுக்கு வந்ததில்லை. இந்தத் திருமேனியின் போட்டோக்களை வைத்துக்கொண்டு 1913இல் எழுதினார். அவர் காலமாகி நாலு வருஷம் கழித்து, 1921இல், அது அச்சானது. வாழ்நாளெல்லாம் மனித உடம்பையே பிசைந்தவருக்குக் காகிதத்தில் பார்த்ததே போதுமாயிருந்தது.

திருவாலங்காடு எங்கள் திருவள்ளூர் மாவட்டம்தான். அரக்கோணம் போகும் ரயிலில் இறங்கலாம். அந்த ரத்தின சபையில் ஆடுவது ஊர்த்துவ தாண்டவம், கால் தலைக்கு மேலே போகும். காரைக்கால் அம்மையார் உட்கார்ந்து பாடிய இடம். எழும்பூருக்கு வந்தவரோ ஆனந்தத் தாண்டவர். காலை அவ்வளவு உயரம் தூக்காமலே இந்த ஆட்டம் ஆடுகிறாரே என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

இப்போது ஹோட்டல் வாசலிலும் கம்பெனி ரிசப்ஷனிலும் வைக்கிற நடராஜர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. திருவாசியில் தீச்சுடர் எண்ணிக்கை சரியாக இருக்கும், பாலிஷ் கண்ணைப் பறிக்கும். முழங்கால் மட்டும் மடங்காது. தூணை நட்டு அதன்மேல் ஆடவிட்ட மாதிரி நிற்கும். வாங்குகிறவர்கள் கேட்பதில்லை, அதனால் செய்கிறவர்களும் மெனக்கெடுவதில்லை. சுவாமிமலையில் இன்றும் கை தெரிந்த ஸ்தபதிகள் இருக்கிறார்கள். ஆர்டர் கொடுக்கும்போது உயரத்தையும் எடையையும் மட்டும் சொல்லாதீர்கள், முழங்காலைக் கேளுங்கள்.

எழும்பூர் போனால் நேர் எதிரே நின்று போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி, ஊன்றிய காலின் மட்டத்துக்குக் குனிந்து, ஐந்து நிமிஷம் பாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.