நரகத்தின் குற்றப்பட்டியல்

நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிய பயத்தோடு வளர்ந்த பெண்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. அந்தப் பயத்தில் கடவுளுக்கு எவ்வளவு பங்கு, நரகத்தை எழுதிவைத்தவர்களுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்க ஒரு பழைய நூல் உதவும். 'பேதுருவின் வெளிப்பாடு' என்பது அதன் பெயர். 2ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கிரேக்கத்தில் எழுதப்பட்டது என்பது பொதுவான கருத்து. பேதுருவின் பெயரில் வேறு யாரோ எழுதியது. இன்று நம் கையிலிருக்கும் பைபிளில் இது இல்லை. ஆனால் ஒரு காலத்தில் சில சபைகள் இதை வேதமாகவே மதித்தன. பாலஸ்தீனத்தின் சில ஆலயங்களில் பெரிய வெள்ளியன்று இதை வாசித்தார்கள் என்று 5ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சோசொமன் குறிப்பிடுகிறார். 1886–87 குளிர்காலத்தில் எகிப்தின் அக்மீமில் ஒரு கல்லறையிலிருந்து இதன் கிரேக்கப் பகுதி கிடைத்தது. நீண்ட வடிவம் எத்தியோப்பிய மொழியில் பிழைத்திருக்கிறது.

நரகத்தைச் சுற்றிக்காட்டும் கிறிஸ்தவ நூல்களில் நமக்குக் கிடைத்தவற்றுள் இதுவே மிகப் பழையது. எந்த உறுப்பால் பாவமோ அந்த உறுப்புக்கே தண்டனை என்பது இதன் கணக்கு. கடவுளைப் பழித்தவர்கள் நாக்கால் தொங்குகிறார்கள். கொதிக்கும் சேற்றுக்கு மேலே பெண்கள் கூந்தலால் தொங்குகிறார்கள். ஆண்களை மயக்கத் தலைபின்னி அலங்கரித்துக்கொண்டது அவர்கள் குற்றம். அவர்களோடு கூடிய ஆண்களுக்கும் தண்டனை உண்டு, ஆகவே நூல் பாரபட்சமற்றது என்று தோன்றலாம். கவனித்துப் படித்தால் வேறுபாடு தெரியும். ஆணைத் தண்டிப்பது அவன் செய்த செயலுக்காக. பெண்ணின் குற்றமோ அவள் கண்ணாடி முன் நின்றபோதே தொடங்கிவிடுகிறது. அவன் விழுந்தவன், அவள் விழவைத்தவள்.

இன்னொரு குழியில் கருவைக் கலைத்த பெண்கள் கழுத்துவரை அழுக்கில் அமிழ்ந்திருக்கிறார்கள். எதிரே அவர்களுடைய குழந்தைகள். அந்தக் குழந்தைகளிடமிருந்து புறப்படும் தீ தாய்மாரின் கண்களைத் தாக்குகிறது. அந்தக் குழியில் எந்த ஆணும் இல்லை. கரு உருவானதில் பங்குள்ளவன், கலைக்கச் சொன்னவன், கைவிட்டுப் போனவன் யாரையும் நூல் தேடவில்லை. எத்தியோப்பிய வடிவத்தில் மேலும் இரண்டு கூட்டங்கள் வருகின்றன: திருமணத்துக்குமுன் கன்னிமையைக் காக்காத பெண்கள், எஜமானுக்குக் கீழ்ப்படியாத அடிமைகள். இங்கேதான் நரகத்தின் அரசியல் பளிச்சென்று தெரிகிறது. பூமியில் யாருக்கு யார் அடங்கியிருக்க வேண்டுமோ, அந்த ஒழுங்கை இந்த நரகம் சாவுக்குப் பிறகும் கட்டிக்காக்கிறது.

இந்த நூல் எழுதப்பட்டுச் சில பத்தாண்டுகள் கழித்து, 203இல், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் சிறையில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி தன் கைப்பட ஒரு குறிப்பு எழுதினாள். பெர்பெத்துவா, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய், விலங்குகளுக்கு முன் எறியப்படக் காத்திருந்தவள். ஏழு வயதில் முகத்தில் புற்றுநோய் கண்டு இறந்துபோன தம்பி தினோகிராத்தஸை அவள் காட்சியில் காண்கிறாள். இருண்ட இடம், உடம்பெல்லாம் அழுக்கு, முகத்தில் அதே புண், தாங்க முடியாத தாகம். பக்கத்திலேயே தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. விளிம்போ அவன் தலைக்கு மேலே. அவன் என்ன பாவம் செய்தான் என்று அவள் விசாரிக்கவில்லை. இரவும் பகலும் அழுது ஜெபிக்கிறாள். அடுத்த காட்சியில் விளிம்பு அவன் தொப்புள்வரை தாழ்ந்திருக்கிறது. புண் இருந்த இடத்தில் தழும்பு. வேண்டுமட்டும் குடித்துவிட்டுக் குழந்தைகளுக்கே உரிய மகிழ்ச்சியோடு விளையாடப் போகிறான். அவன் தண்டனையிலிருந்து விடுபட்டுவிட்டான் என்று புரிந்துகொண்டதாக எழுதுகிறாள்.

இந்தத் தொட்டி பிற்காலத்தில் இறையியலாளர்களுக்குச் சங்கடமானது. ஞானஸ்நானம் பெறாத சிறுவனுக்கு மீட்பு உண்டா என்ற வாதத்தில் ஒருவர் தினோகிராத்தஸைச் சாட்சிக்கு அழைத்தார். அகுஸ்தீன் மறுத்தார்: பெர்பெத்துவாவின் குறிப்பு வேதநூலல்ல, சிறுவன் ஞானஸ்நானம் பெறவில்லை என்று அதில் சொல்லப்படவுமில்லை. தர்க்கத்தில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அக்காவின் கண்ணீரால் தாழ்ந்த விளிம்பை அவர் மறுபடியும் சட்டத்தின் உயரத்துக்கே ஏற்றிவிட்டார்.

ஆண்கள் நரகம் கட்டினார்கள், பெண்கள் அதன் கதவைத் திறந்தார்கள் என்று முடித்துவிட்டால் எளிதாக இருக்கும், உண்மையாக இருக்காது. 379இல் மரணப்படுக்கையில் கிடந்த மக்ரீனா, நெருப்பு பழிவாங்குவதற்கல்ல, பொன்னைப் புடமிடுவதுபோல ஆன்மாவைத் துப்புரவாக்குவதற்கே என்று விளக்குகிறார். எழுதிவைத்ததோ அவரைத் தன் ஆசிரியை என்றே அழைத்த தம்பி, நீசா நகர் கிரகோரி. பேதுருவின் வெளிப்பாட்டிலேயே பாவிகளின் நிலை கண்டு பேதுரு அழுகிறார். வியன்னாவில் உள்ள ஒரு கிரேக்கத் துண்டில், நீதிமான்கள் யாருக்காக வேண்டிக்கொள்கிறார்களோ அவர்களை வேதனையிலிருந்து விடுவிப்பதாக வாக்குறுதி இருக்கிறது. எத்தியோப்பிய வடிவத்தில் அதன் பொருள் மங்கிப்போய்விட்டது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இரக்கம் பெண்ணின் இயல்பு என்றால் மன்னிப்பதும் அவள் கடமையாகிவிடும். அடித்த கணவனை மன்னித்துவிடு என்று எத்தனை பெண்களுக்கு அறிவுரை சொல்லப்படுகிறது! லூக்கா நற்செய்தியின் விதவை மன்னிப்புக் கேட்டு வரவில்லை, நியாயம் கேட்டு நீதிபதியின் வாசலை விடாமல் தட்டினாள். இங்கே தோற்றவளுக்கு நியாயம் கிடைக்கும் இன்னொரு நாள் உண்டு என்பது அடித்தவனுக்குத்தான் பயம், அடிவாங்கியவளுக்கு நம்பிக்கை. பேதுருவின் வெளிப்பாடும் இதை அறியாததல்ல. விதவைகளையும் அநாதைகளையும் கைவிட்ட செல்வந்தர்களை அது கந்தல் உடுத்திக் கூரிய கற்களின்மேல் புரளவைக்கிறது.

ஆகவே தீர்ப்பே வேண்டாம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. குற்றப்பட்டியலைத்தான் திருப்பிக் கேட்க வேண்டும். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் கடைசித் தீர்ப்பை விவரிக்கிறது. பசித்தவருக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், அந்நியருக்கு இடம், உடையில்லாதவருக்கு உடை, நோயாளியையும் சிறைப்பட்டவரையும் போய்ப் பார்த்தல்: அங்கே கேட்கப்படும் ஆறு காரியங்கள் இவ்வளவே. கூந்தல் இல்லை, கன்னிமை இல்லை, கீழ்ப்படிதல் இல்லை. பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் பெண்கள் காலங்காலமாகக் கூலியும் பெயரும் இல்லாமல் செய்துவரும் வேலைகள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நமக்குப் பயமில்லை. அதே கேள்விகளைக் கூந்தலுக்கு நரகம் எழுதியவர்களிடமும் கேட்கட்டும்.