சந்திரனில் ஒரு சந்திப்பு

ருஷிய எழுத்தாளர் வாஸிலி சுக்‌ஷின் 1970-இல் வெளியிட்ட ஒரு சிறுகதையின் தலைப்பு ‘மட்டந்தட்டினான்’ எனப் பொருள்படும். பட்டம் பெற்றுத் தாயைக் காணக் கிராமத்திற்கு வந்த பண்டிதனை, மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளி கிளேப் ஊரார் முன்னிலையில் வாதுக்கிழுக்கிறான். சந்திரனின் மேற்பரப்பில் அறிவுடைய உயிர் வெளிப்பட்டால் அதனோடு பேசுவது எங்ஙனம் என்பது அவன் வினாக்களுள் ஒன்று. மணலிலே சூரிய மண்டலத்தை வரைந்து காட்டலாமென விடையும் அவனே தருகிறான்! பண்டிதன் மனைவியைப் பொருள்பட நோக்குகிறான், நாம் நகைக்கிறோம். முடிவில் கிளேப் அவனை அவமதித்து வெற்றியோடு வெளியேறுகிறான். ஊரார் கிளேபை வியந்தனர். எனினும் தோற்றவனுக்கே இரங்கினர்.

பாமரனைப் பழிக்கும் கதை இதுவென்பாரை நாம் மறுக்கிறோம். வேற்றுலகத்தாரோடு பேச வழி கண்டவன் எதிரே அமர்ந்த தன்னூரானோடு பேசும் வழி அறிந்திலன், பண்டிதனும் அறிந்திலன். பிறரை மட்டந்தட்டும் கோலாகக் கல்வியைக் கொண்டால், கற்றவனும் கெடுவான், கேட்டறிந்தவனும் கெடுவான். நம் நகைப்பு அடங்கியபின் நெஞ்சில் எஞ்சுவது இதுவே.