தாரை வார்த்தது யார்?

நீங்கள் வேப்பம்பட்டில் காலை நேர மின்சார ரயில் பிடிக்கிறவராக இருந்தால் இது தெரிந்திருக்கும். திருநின்றவூர் வருவதற்குள் சீனாவை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். நெமிலிச்சேரியில் பாகிஸ்தான். பட்டாபிராம் தாண்டினால் இலங்கை. முந்தின ராத்திரி டி.வி.யில் யார் யாரை மடக்கினார் என்பதுதான் பேச்சே. ஆவடி வந்ததும் டிபன் பாக்ஸும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒரு கூட்டம் இறங்கும். அவ்வளவு நேரமும் வாயைத் திறக்காத கூட்டம். அதில் பாதிப் பேர் இந்த நாட்டு ராணுவத்துக்கு டாங்கி செய்கிறவர்கள்.

டாங்கி செய்கிறவர் பேசுவதில்லை. சினிமாவில் டாங்கி பார்த்தவர் பேசுகிறார். தொழிற்சாலைக்காரர் வெளியே பேசக் கூடாது என்று விதி இருக்கிறது, சரி. அவர் செய்கிற வேலையைப் பற்றி மற்றவர்களாவது உருப்படியாகப் பேசலாம் இல்லையா?

நம் டி.வி.க்களில் தேசப் பாதுகாப்பு விவாதம் என்று ஒன்று நடக்கிறதே, அதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இரண்டு கட்சிக்காரர்கள், ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், 'சமூக ஆர்வலர்' ஒருவர். ஒரு மணி நேரம் சத்தம். முடிவில் உங்களுக்குத் தெரிந்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: யார் தேசபக்தர், யார் துரோகி. எவ்வளவு செலவாயிற்று, எத்தனை வருஷம் ஆயிற்று, சொன்னது நடந்ததா என்கிற கேள்விகள் வரவே வராது. நான் படித்தது பி.காம். வரவு செலவு பார்க்காமல் எதையும் நம்பாதே என்றுதான் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், இது விவாதம் இல்லை, வெறும் பட்டிமன்றம்.

உதாரணம் வேண்டுமா? 1974-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் டெல்லியில் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. ஒன்று, கச்சத்தீவு இலங்கைக்கு என்று ஒப்புக்கொண்ட ஜூன் மாத ஒப்பந்தம். இன்னொன்று, நாமே சொந்தமாக டாங்கி செய்வது என்று மே மாதம் ஒதுக்கிய 15.50 கோடி ரூபாய். பின்னால் அர்ஜுன் என்று பேர் வாங்கிய டாங்கி அது. வடிவமைத்ததும் ஆவடியில், தயாரித்ததும் ஆவடியில்.

முதலாவதைப் பற்றி ஐம்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். 2024 தேர்தலுக்கு முன்னால் பிரதமர் முதல் வார்டு பிரதிநிதி வரை பேசினார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: தாரை வார்த்தது யார்? காங்கிரஸா, தி.மு.க.வா? இத்தனைக்கும் 2014-ல் சுப்ரீம் கோர்ட்டில் அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி சொன்னது, கச்சத்தீவைத் திரும்ப வாங்க வேண்டுமானால் யுத்தம்தான் செய்ய வேண்டும் என்று. அதே அரசைச் சேர்ந்தவர்கள்தான் பத்து வருஷம் கழித்து அதை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் மட்டும் என்ன, தேர்தலுக்குத் தேர்தல் 'மீட்போம்' என்பார்கள், அப்புறம் கடிதம் எழுதுவார்கள்.

285 ஏக்கர் தீவு நாளைக்கே நம் கைக்கு வந்தால் ராமேஸ்வரத்து மீனவர் கைதாவது நின்றுவிடுமா? இதை யாரும் கேட்பதில்லை. நம் விசைப்படகுகள் பல, கச்சத்தீவைத் தாண்டி இலங்கைக் கரைக்குப் பக்கத்தில் போய் இழுவை வலை போடுகின்றன. அங்கே வலை அறுந்து நிற்பவரும் தமிழர்தான், யாழ்ப்பாணத்து மீனவர். இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே வருஷம் இங்கே 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்ற ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். இலக்கின் கிட்டக்கூட வரவில்லை. ஏன் வரவில்லை? கடன் சுமையா, பயிற்சி போதவில்லையா? இதுதான் மீனவர் வீட்டு அடுப்பு சம்பந்தப்பட்ட கேள்வி. ஆனால் இதில் வில்லன் இல்லையே! வில்லன் இல்லாத கதையை எந்த சேனல் ஓட்டும்?

இப்போது ஆவடிக்கு வருவோம். இதில் பேசவாவது செய்தார்களா? அதுவும் இல்லை. 15.50 கோடியில் ஆரம்பித்த அர்ஜுன் ஆராய்ச்சிச் செலவு 305 கோடியைத் தாண்டியது. 1974-ல் போட்ட விதைக்கு முதல் தொகுதி டாங்கிகள் ராணுவத்திடம் போனது 2004-ல். முப்பது வருஷம்! அதற்குள் ராணுவம் 2001-ல் ரஷ்யாவிடம் 310 டி-90 டாங்கிகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டது. அர்ஜுனுக்குக் கிடைத்த ஆர்டர் 124. 2021-ல் மேம்படுத்திய அர்ஜுன் 118-க்கு 7,523 கோடியில் ஆர்டர். வகுத்துப் பாருங்கள், ஒன்று சுமார் 64 கோடி.

தப்பு யார் மேல் என்று உடனே தேட வேண்டாம். நடுவில் ராணுவம் தன் தேவைகளை மாற்றிக்கொண்டே போனது. விஞ்ஞானிகள் சொன்ன தேதியில் முடிக்கவில்லை. சொந்த என்ஜின் கைகூடாமல் ஜெர்மன் என்ஜின் வாங்கினார்கள். சுதேசி டாங்கிக்கு வெளிநாட்டு இதயம். 58 டன்னுக்கு மேல் எடை என்பதால் எந்தப் பாலம் தாங்கும், எந்த ரயில் வேகன் தாங்கும் என்கிற கவலை வேறு. ஒவ்வொன்றும் விவாதிக்க வேண்டிய விஷயம். அடுத்த டாங்கிக்கு, அடுத்த விமானத்துக்குப் பாடம். சேனல்களோ, 2021 பிப்ரவரியில் பிரதமர் சென்னையில் அர்ஜுனை ராணுவத்திடம் ஒப்படைத்தபோது விழாவைக் காட்டினார்கள், மாலையைக் காட்டினார்கள். கணக்கைக் காட்டவில்லை.

அதே 2021-ல் இன்னொன்றும் நடந்தது. 41 பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரிக்க மத்திய அரசு முடிவு செய்தது. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் என்றன. ஜூன் 30-ல் அவசரச் சட்டம் வந்தது. ஸ்டிரைக் செய்தால் ஒரு வருஷம் வரை ஜெயில், தூண்டினால் இரண்டு வருஷம் வரை. ஆகஸ்டில் அது மசோதாவாக லோக்சபாவுக்கு வந்தபோது பெகாசஸ் அமளி. அந்தக் கூச்சலுக்கு நடுவிலேயே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கம்பெனியாக்கினால் வேகம் வரும், பொறுப்பு வரும் என்றது அரசு. பாதுகாப்பான வேலை போகும் என்றார்கள் தொழிலாளர்கள். இரண்டு பக்கமும் கேட்க வேண்டிய நியாயம் இருந்தது. கேட்கத்தான் சபையில் ஆள் இல்லை. ஆவடி முதல் திருவள்ளூர் வரை எத்தனை வீட்டுக் கடன், எத்தனை காலேஜ் ஃபீஸ் அந்தச் சம்பளத்தை நம்பி இருக்கிறது!

2023 மார்ச்சில் இதைவிட வேடிக்கை. அமளி காரணமாக சுமார் 45 லட்சம் கோடி பட்ஜெட் லோக்சபாவில் விவாதமே இல்லாமல் சில நிமிஷங்களில் நிறைவேறியது. 'கில்லட்டின்' என்று பேர். அதில் பாதுகாப்புக்கு மட்டும் 5.94 லட்சம் கோடி. நாள் ஒன்றுக்கு 1,600 கோடிக்கு மேல். மளிகைக் கடை பாக்கியைக்கூட நாம் இதைவிட நிதானமாகப் பார்ப்போம்.

'சார், ராணுவ விஷயம். எல்லாவற்றையும் வெளியே பேச முடியுமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டாங்கி எங்கே நிற்கிறது என்பது ரகசியம். முப்பது வருஷம் ஏன் ஆயிற்று என்பது ரகசியம் இல்லை.

1962-ஐ நினைத்துப் பாருங்கள். சீனாவுடன் யுத்தம் நடந்துகொண்டிருக்கிறது. தோற்றுக்கொண்டிருக்கிறோம். பார்லிமென்டை உடனே கூட்டுங்கள் என்று 37 வயசு எம்.பி. வாஜ்பாய் கேட்டார். நேரு கூட்டினார். ரகசியக் கூட்டமாக நடத்தலாம் என்ற யோசனையையும் அவர் ஏற்கவில்லை. நவம்பர் 8-ல் ஆரம்பித்த விவாதத்தில் லோக்சபாவில் 165 பேர் பேசினார்கள். பிரதமரை முகத்துக்கு நேராகத் திட்டினார்கள். நாடு உடைந்தா போயிற்று? ஆனால் அதே யுத்தத்தில் ஏன் தோற்றோம் என்று 1963-ல் கொடுக்கப்பட்ட ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை இதுவரை எந்த அரசும் வெளியிடவில்லை. மாறாக, கார்கில் முடிந்ததும் நம் திருச்சிக்காரர் கே.சுப்ரமணியம் தலைமையில் வாஜ்பாய் அரசு குழு போட்டது. உளவுத் துறை எங்கே கோட்டை விட்டது என்று அது எழுதியது. சில பக்கங்களை மறைத்துவிட்டு 2000-ல் பார்லிமென்டில் வைத்தார்கள். ரகசியத்தையும் காப்பாற்றலாம், பதிலும் சொல்லலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சேனல்காரர்களைத் திருத்துவது என் வேலை இல்லை. நாம் பார்க்கிறோம், அவர்கள் காட்டுகிறார்கள். நம்மால் முடிந்தது வேறு ஒன்று இருக்கிறது. அடுத்த தடவை உங்கள் எம்.பி. கைகூப்பிக்கொண்டு தெருவுக்கு வருவார் இல்லையா? சாலை, சாக்கடை எல்லாம் கேளுங்கள். கூடவே ஒன்று கேளுங்கள்: 'ஐயா, ஆவடித் தொழிற்சாலை மசோதா வந்த அன்றைக்கு சபையில் நீங்களோ உங்கள் கட்சியோ என்ன பேசினீர்கள்?'

பதில் வருகிறதோ இல்லையோ, யாரோ கணக்குப் பார்க்கிறார்கள் என்பதாவது அவருக்குத் தெரியட்டும்.