அச்சோவியமும் பதிப்பாராய்ச்சியும்

சென்னை மாநகரில், கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்திலும், 1966-ஆம் ஆண்டில் கே. சி. எஸ். பணிக்கர் முன்னின்று நிறுவிய சோழமண்டலக் கலைஞர் சிற்றூரிலும் அச்சோவியங்கள் அவ்வப்போது காட்சிக்கு வைக்கப்பெறுகின்றன. நாம் கண்டவரை, அவற்றைக் காண வருவோருள் தமிழாராய்ச்சியாளர் மிகச் சிலரே. ஓவியம் வேறு, பதிப்பாராய்ச்சி வேறு என வரையறுத்துக்கொண்டமை இதற்குக் காரணமாகலாம். அவ்வரையறை பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மரக்கட்டையில் செதுக்கும் முறையில், செதுக்காது விட்ட மேட்டுப் பகுதியே மையை ஏற்கும். செப்புத் தகட்டில் கீறும் முறையிலோ, பள்ளத்தில் தங்கிய மையை நனைத்த தாள் அழுத்தத்தால் வாங்கிக்கொள்ளும். கல்லச்சில் மேடுமில்லை, பள்ளமுமில்லை. எண்ணெய்ப் பசையும் நீரும் தம்முள் கலவாத இயல்பே அதற்கு அடிப்படை. படத்தின் அடியில் 3/20 என எழுதப்பெற்றிருப்பின், இருபது படிகளுள் மூன்றாம் எண் பெற்றது அஃது என்பது பொருள். இருபதும் மூலமே, அவற்றுள் எதுவும் மற்றொன்றன் நகலன்று.

ஏடுகளை ஒப்புநோக்கி, வேறுபாடுகளைக் களைந்து, ஆசிரியர் எழுதிய ஒரே பாடத்தை அடைய முயலும் பதிப்பாசிரியர்க்கு இது சிந்திக்கத்தக்க செய்தியாகும். டச்சு ஓவியர் ரெம்பிராண்டு 1653-ஆம் ஆண்டில் 'மூன்று சிலுவைகள்' என்னும் படத்தைத் தகட்டில் கீறி அச்சிட்டார். பின்னர் அத்தகட்டையே தேய்த்தும் கீறியும் பெரிதும் மாற்றி மீண்டும் அச்சிட்டார். முன்னதைப் பிழையென்று தள்ளுவார் இலர். இரண்டும் அவர் படைப்பே. பாடவேறுபாடு யாவும் படியெடுத்தோர் பிழையே எனக் கொள்வார் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

இதனினும் நமக்கு அணுக்கமான பயன் ஒன்றுண்டு. நாம் கண்ட மரச்செதுக்குப் படமொன்றன் குறுக்கே மெல்லிய வெண்கோடு ஒன்று ஓடியது. அஃது ஓவியர் செதுக்கிய கோடன்று; கட்டை வெடித்த தடம். பெரிய எழுத்துக் கதை நூல்களிலும் இத்தகைய மரச்செதுக்குப் படங்கள் உள்ளன. ஆயின், அந்நூல்களை ஆராய்வோர் பெரும்பாலும் பாடத்தைப் படியெடுத்துக்கொண்டு படத்தை விட்டுவிடுகின்றனர். ஒரே கட்டையால் அச்சிட்ட இரு பதிப்புகளுள், ஒன்றில் முழுமையாயுள்ள கோடு மற்றொன்றில் முறிந்திருப்பின், முறிந்தது பிந்தியதெனக் கருதலாம். ஆண்டு குறிக்காத பதிப்புகளை நிரல்படுத்த இது துணையாகும். கட்டை செப்பனிடப்பட்டிருத்தலும் கூடுமாதலின், ஒரு முறிவை மட்டும் கொண்டு முடிவு கூறலாகாது. பல முறிவுகள் ஒருமுகமாக நிற்றல் வேண்டும். படத்தை விட்டு எடுத்த படி, இச்சான்றை முற்றும் இழந்ததாகும்.

கட்டையின் தேய்வையும் வெடிப்பையும், தகட்டின் விளிம்பு தாளில் பதித்த சுவட்டையும் குறிக்க நிலைபெற்ற தமிழ்ச் சொற்கள் நம்மிடையே இன்னும் அமையவில்லை. இக்குறை ஓவியரைச் சார்ந்ததன்று. சொல்லாய்வோராகிய நம்மைச் சார்ந்ததே. முதுகலை மாணவரைச் சுவடி நிலையத்திற்கு அழைத்துச் செல்லுதல் போலவே, ஆண்டுக்கொரு முறையேனும் அச்சோவியக் காட்சிக்கும் அழைத்துச் செல்லுதல் வேண்டும். அங்கே கற்ற கண்ணோடு பழைய கதை நூல்களை மீண்டும் புரட்டுவாராயின், இதுவரை நாம் காணாது விட்டவற்றை அவர் காண்பர்.